மைலுக்கு மூன்று வினாடி

மே மாதத்தின் கடைசி சனிக்கிழமை. காலை ஏழரை மணிக்கு ஒரு தேவாலயக் கூடத்தில் நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி, தரையைப் பெருக்கிவிட்டு, எங்கள் பந்தயப் பாய்மரப் படகின் மெயின்செயிலை, அதாவது பாய்மரத்துக்குப் பின்னால் கட்டும் முதன்மைப் பாயை, விரித்தோம். 33 அடி உயரம், கீழ்விளிம்பில் 12 அடி அகலம். புதுத் துணி, கை பட்டாலே அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் போட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சுற்றி நடந்தோம்.

அளக்கத்தான் வந்திருந்தோம். பாயின் தலை மூலையைத் தூக்கி வந்து பின்மூலையின் மேல் வைத்தால் பின்விளிம்பு சரிபாதியாக மடியும். மடிப்பு விழுந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அங்கிருந்து, பாய்மரத்தை ஒட்டி நிற்கும் முன்விளிம்புக்கு மிகக் குறைந்த தூரம் எவ்வளவோ அதுதான் பாதி உயரத்து அகலம். தலையை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி மடித்தால் முக்கால் உயரம். இன்னொரு மடிப்பில் எட்டில் ஏழு. டேப்பின் ஒரு முனையைக் கோட்டில் அழுத்திக்கொண்டு, மறுமுனையை முன்விளிம்பின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்தி, எண் எங்கே மிகக் குறைகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பாதியில் 8 அடி 4 அங்குலம். முக்காலில் 5 அடி 3 அங்குலம். அதற்கும் மேலே 3 அடி 2 அங்குலம். படகுக்காரர் மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கமான மெயின்செயில் என்று பல விதிகளில் ஒரு கணக்கு உண்டு. பாதி உயரத்தில் அகலம் கீழ்விளிம்பின் 65 விழுக்காடு, முக்காலில் 38, எட்டில் ஏழில் 22. எங்கள் 12 அடிக்கு அது ஏறத்தாழ 7 அடி 10, 4 அடி 7, 2 அடி 8 அங்குலம். எங்கள் பாய் மூன்று இடத்திலும் அரை அடிக்குக் குறையாமல் அதிகம். இந்தப் பாயை வைத்துக்கொண்டுதான் அந்த வசந்தத்தில் ஐந்து பந்தயங்களில் நான்கை வென்றிருந்தோம். படகின் வேகத்துக்கு ஓர் எண் தரும் எங்கள் ரேட்டிங் சான்றிதழில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

நான் இருப்பது அமெரிக்காவின் மேரிலாந்தில், செசபீக் விரிகுடாவின் மேற்குக் கரையில். இந்தப் பக்கம் கோடைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள், வேலை முடிந்த கையோடு படகுப் பந்தயம் வைக்கும் சிறு கிளப்புகள் நிறைய. எங்கள் படகு 30 அடி, பழையது. அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவரோடு சேர்த்து ஐந்து பேர் போவோம். என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தது தூத்துக்குடிக்கார அண்ணன் ஒருவர். கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். ஆறு வருடமாக, ஜெனோவா என்ற பெரிய முன்பாயின் கயிறு இழுப்பது என் வேலை.

பந்தயத்துக்கு வரும் படகுகள் ஒன்றுபோல் இருக்காது. 22 அடிக் குடும்பப் படகும் வரும், ஓடுவதற்கென்றே செய்த 35 அடிப் படகும் வரும். எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடவிட்டால் யார் முன்னால் வருவார் என்று கரையிலேயே தெரிந்துவிடும். அதனால்தான் ஹேண்டிகேப், அதாவது மெதுவான படகுக்கு நேரச் சலுகை. அமெரிக்கக் கிளப்புகளில் பெரும்பாலும் பிஎச்ஆர்எஃப் முறைதான். தெற்குக் கலிஃபோர்னியாவில் தொடங்கியபோது முதல் எழுத்துக்கு 'பசிபிக்' என்று பொருள். நாடு முழுக்கப் பரவியபின் அது 'பெர்ஃபார்மன்ஸ்' ஆனது. ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண். ஒரு கடல் மைலுக்கு இத்தனை வினாடி என்பது அதன் அர்த்தம். எண் பெரிதானால் படகு மெதுவானது. எங்களுடையது 180. ஜே/105 என்று ஒரு வேகமான படகு உண்டு, அது 90-ஐ ஒட்டி வரும். 5 மைல் பந்தயம் என்றால் மைலுக்கு 90 வினாடி வீதம் அவர்கள் எங்களுக்கு ஏழரை நிமிடம் தர வேண்டும். அவர்கள் முடித்து ஏழு நிமிடத்தில் நாங்கள் கோட்டைத் தொட்டுவிட்டால் வெற்றி எங்களுக்கு.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? முதலில், அதே வகைப் படகுகள் மற்ற இடங்களில் எப்படி ஓடியிருக்கின்றன என்பதிலிருந்து. அப்புறம் உள்ளூர் ரேட்டிங் குழு உட்கார்ந்து கூட்டிக் குறைக்கும். மூன்று மூன்றாகத்தான் நகர்த்துவார்கள். 180-க்கு அடுத்தது 183. மடங்காத புரொப்பெல்லர் தண்ணீரில் இழுபடும் என்பதால் அதற்குச் சில வினாடி கூடுதல். காற்று பின்னாலிருந்து வரும்போது விரிக்கும் பலூன்போன்ற பாய் ஸ்பின்னக்கர்; அதன் கழி நீளமாக இருந்தால் குறைப்பு. ஜெனோவா வழக்கமான 155 விழுக்காட்டைவிடச் சின்னதாக இருந்தால் கூடுதல்.

அந்த 155 என்ன என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கதை அதில்தான் தொடங்குகிறது. பாய்மரத்தின் அடிக்கும், படகின் முன்முனையான அணியத்தில் முன்கம்பி வந்து சேரும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் படகில் அது பதினொன்றரை அடி. ஜெனோவாவின் பின்மூலையிலிருந்து அதன் முன்விளிம்புக்குச் செங்குத்தாக அளந்தால் வரும் நீளம் அந்தத் தூரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், அதாவது 155 விழுக்காடு. மரத்தைத் தாண்டிப் பின்னால் வந்து மெயின்செயிலின் மேல் படிந்து நிற்கும் பெரிய பாய். எங்கள் பழைய 155 தொய்ந்து, இழுத்துக் கட்டினாலும் வயிறு போட்டதுபோல் நின்றது. படகுக்காரர் அதை மாற்றி, சுருட்டி வைக்கும்படி ஒரு 135 வாங்கினார். கணக்குப் போட்டால் சுமார் 45 சதுர அடி துணி குறைந்தது. ரேட்டிங் குழு 6 வினாடி கூட்டித் தந்தது. 186.

அதே சமயத்தில் மெயின்செயிலும் புதிதாக வந்தது. பின்விளிம்பு வெளியே வளைந்து, குறுக்குச் சட்டங்கள் முழு அகலத்துக்கும் ஓடும்படி தைத்தது. விண்ணப்பத்தில் மெயின்செயில் அகலங்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. அதைக் காலியாக விட்டுவிட்டோம். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் நிரப்பவில்லை, அது எங்கள் தவறு.

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே மாலையில் நல்ல காற்று இருக்கும். 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல், வீசினால் 155 ஜெனோவா எங்கள் படகுக்கு அதிகம். படகு சாய்ந்து விளிம்பு தண்ணீரில் உரசும், சுக்கான் பிடிப்பவருக்குக் கை கடுக்கும். அந்தக் காற்றில் 135-தான் சரியான பாய். அதாவது நாங்கள் எதையும் இழக்கவில்லை, ஆனால் இழந்ததற்கு ஈடாக மைலுக்கு 6 வினாடி வாங்கிக்கொண்டிருந்தோம். மேலே மெயின்செயிலின் கூடுதல் துணி வேறு. ஐந்தில் நான்கு வெற்றி வந்தது இப்படித்தான். நன்றாகவும் ஓட்டினோம், மறுக்கவில்லை. படகின் அடியை மாதம் இருமுறை சுரண்டினோம், திரும்பும் இடங்களில் ஒரு கயிறுகூடச் சிக்காமல் பழகியிருந்தோம்.

ஐந்தாவது பந்தயம் முடிந்து படகைக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் படகின் தலைவர் வந்து நின்றார். "உங்கள் மெயின்செயிலை யாராவது அளந்தார்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனாலேயே சுட்டது. படகுக்காரர், "இல்லை. அளந்துவிடுகிறேன்" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. "நாம ஜெயிச்சதாலதானே தம்பி கேக்குறாங்க? தோத்திருந்தா எவனாவது டேப்பைத் தூக்கிட்டு வந்திருப்பானா?"

"ஜெயிச்சா எண்ணைக் குறைக்கணும்னு அவர் சொல்லலையேண்ணே. பாயை அளந்தீங்களான்னுதான் கேட்டார்."

"ரெண்டும் ஒண்ணுதான் போ."

ஒன்றில்லை. அன்று அண்ணனிடம் சரியாக விளக்க முடியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

கால்ஃப் ஆட்டத்தில் ஹேண்டிகேப் என்பது ஆளுக்கு. ஆட்டம் முன்னேறினால் அது குறையும். படகில் அப்படியில்லை. பிஎச்ஆர்எஃப் எண் படகுக்கு. அடி சுத்தமாக, பாய் நல்ல நிலையில், தெரிந்தவர்கள் ஓட்டினால் இந்தப் படகு எவ்வளவு வேகம் போகும் என்பதைத்தான் அது சொல்ல வேண்டும். ஆகவே நாங்கள் நன்றாக ஓட்டி ஜெயித்தால் எண்ணைத் தொடக் கூடாது. தொட்டால் உழைப்புக்கு அபராதம் போட்டதாகிவிடும். அதேபோல் பாய் பழசாகித் தொய்ந்துவிட்டது என்பதற்காகக் கூடுதல் வினாடி கேட்கவும் கூடாது. இரண்டாவது சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. புதுப் பாய்கள் விலை அதிகம், எல்லாராலும் வாங்க முடியாது. அவர்களுக்கான வழி எண்ணில் சலுகை இல்லை. ஸ்பின்னக்கர் இல்லாமல் ஓடும் தனிப் பிரிவு வைப்பதுதான் சரி. ஆனால் பாயின் அளவோ வடிவமோ மாறினால், அது படகே மாறியதற்குச் சமம். அதை எண்ணில் காட்டியே ஆக வேண்டும்.

அளக்காத துணி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஜெனோவாவின் பெயரே சாட்சி. 1926-இல் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் நடந்த பந்தயத்தில் ஸ்வென் சலேன் என்ற ஸ்வீடன்காரர் தன் ஆறு மீட்டர் வகுப்புப் படகில் மரத்தைத் தாண்டிப் பின்னால் வரும் ஒரு முன்பாயைக் கட்டினார். அன்றைய விதிகள் முன்பாயை அளக்கவில்லை. மரத்துக்கும் முன்கம்பிக்கும் நடுவே உள்ள முக்கோணத்தைத்தான் அளந்தன. முக்கோணத்துக்கு வெளியே நீண்ட துணி கணக்கிலேயே வராது. அது வேகம் தந்தது, மற்றவர்களும் கட்டினார்கள், ஊரின் பெயர் பாய்க்கு நிலைத்தது. 155 என்ற எல்லையெல்லாம் அந்த இலவசத் துணிக்கு வேலி போட வந்தவை.

1970-களின் தொடக்கத்தில் இன்னொன்று நடந்தது. அப்போது பெரிய பந்தயங்களை ஆண்டது ஐஓஆர் என்ற விதி. எம்ஐடி-யில் பேராசிரியராக இருந்த ஜெரோம் மில்கிராம் அதை வரி வரியாகப் படித்து, முன்பாயே இல்லாமல் இரண்டு மரங்களோடு 'கேஸ்கேட்' என்று ஒரு படகு வடிவமைத்தார். முன்முக்கோணம் இல்லாத படகை விதி சரியாக எடைபோடவில்லை. ரேட்டிங் மிகச் சாதகமாக வந்தது. அவர் விதியை மீறவில்லை, வாசித்தார், அவ்வளவுதான். விதி வகுப்பவர்கள் பிறகு அந்த வகைப் படகுக்குத் தண்டனை சேர்த்தார்கள். ஐஓஆர் காலத்துப் படகுகளை இன்றும் பார்க்கலாம்: அளவெடுக்கும் இடங்களில் உடம்பு புடைத்திருக்கும், மெயின்செயில் நாடாபோல் ஒல்லியாக, முன்பாய் மட்டும் மலைபோல். கடலுக்காகச் செய்த வடிவம் இல்லை அது, அளவுநாடாவுக்காகச் செய்தது.

இதிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. பிரிட்டனிலும் பிரான்சிலும் இருந்து நிர்வகிக்கப்படும் ஐஆர்சி என்ற ரேட்டிங் முறை, தன் சூத்திரத்தை வெளியிடுவதே இல்லை. தெரிந்தால்தானே அதற்கேற்ப வடிவமைப்பார்கள் என்பது அவர்கள் வாதம். ஓஆர்சி நேர் எதிர். எம்ஐடி-யில் நடந்த ஆய்விலிருந்து வளர்ந்தது. படகின் உடல், எடை, ஒவ்வொரு பாயின் அளவு எல்லாவற்றையும் கணினியில் கொடுத்து, எந்தக் காற்றில் எந்தக் கோணத்தில் எவ்வளவு வேகம் என்று கணக்கிடுகிறது. கணக்கு எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. என் மனம் ஓஆர்சி பக்கம்தான். எனக்கு ஏன் இந்த எண் வந்தது என்று கேட்டால் காட்டக்கூடிய பதில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்கு அளவெடுப்பும் செலவும் அதிகம். வார மாலையில் பர்கர் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகும் கிளப்புக்கு அது பெரிய சுமை என்பதும் எனக்குத் தெரியும்.

தேவாலயக் கூடத்துக்கு வருகிறேன். மெயின்செயிலை உயரமும் கீழ்விளிம்பும் மட்டும் வைத்து முக்கோணமாகக் கணக்கிட்டால் எங்களுடையது 198 சதுர அடி. நடு அகலங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 250 வருகிறது. பழைய பாயையும் அதே முறையில் கணக்கிட்டோம்: 237. ஆக முன்னால் 45 குறைந்து, பின்னால் 13 கூடியிருக்கிறது. கூடியது சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் உச்சி. தண்ணீரை ஒட்டிய காற்று அலையில் உரசி மெதுவாகும், மேலே போகப் போக வேகம் கூடும். அசைவே இல்லாததுபோல் தெரியும் மாலையில்கூட மரத்தின் உச்சியில் இருக்கும் காற்றுக்காட்டி திரும்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே இருக்கும் ஒரு சதுர அடியை, அடியில் இருக்கும் ஒரு சதுர அடியோடு சமமாக வைக்க முடியாது.

படகுக்காரர் அன்றே அளவுகளைக் குழுவுக்கு அனுப்பினார். கூடவே, வென்ற நான்கு பந்தயங்களையும் அவர்கள் மறுபடி கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று எழுதினார். அதை எங்களிடம் முதலில் படித்துக் காட்டினார். அண்ணன் வாயே திறக்கவில்லை. குழு 3 வினாடியைத் திரும்ப எடுத்தது. 183. பழைய முடிவுகளைத் திருத்தியதில் நான்கு வெற்றியில் ஒன்று பக்கத்துப் படகுக்குப் போனது.

அப்புறம் ஜூலை வந்தது. செசபீக்கில் ஜூலை என்றால் ஈரத்துணியைப் போர்த்தியதுபோல் புழுக்கம். சாயங்காலம் ஆக ஆகக் காற்று செத்துவிடும். நண்டுக்கூடுகளின் மிதவைகள் கண்ணாடிமேல் வைத்ததுபோல் அசையாமல் நிற்கும். 4 நாட் காற்றில் 135 போதவே போதாது. 155 கட்டியவர்கள் எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். மே மாதத்தில் இலவசமாகக் கிடைத்த 6 வினாடி ஜூலையில் எந்த மூலைக்கும் காணாது. ஒரே பாய், ஒரே எண், இரண்டு மாதம், இரண்டு நியாயம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் கோடைப் பிற்பகல்களில் 20 நாட்டுக்கு மேல் அடிக்கும். அங்கே சின்ன ஜெனோவாவுக்குக் கூடுதல் வினாடி கொடுப்பதும் இங்கே கொடுப்பதும் எப்படி ஒன்றாகும்? பிஎச்ஆர்எஃப் எண்களை அந்தந்தப் பகுதியே முடிவுசெய்வதில் இந்த ஞானம் இருக்கிறது. அதற்குள்ளும் பருவம் மாறினால் ஒரே எண் பொருந்துவதில்லை.

காற்றில்லாத மாலைகளில் மைல் கணக்கே எங்களைப்போன்ற மெதுவான படகுகளைக் கழுத்தறுக்கும். ஜே/105 ஒரு மணி நேரத்தில் முடித்தாலும் இரண்டு மணி நேரம் இழுத்தாலும், 180 என்று எண் இருந்தபோது எங்களுக்குக் கிடைப்பது அதே ஏழரை நிமிடம். இதற்கு மாற்றாக நேரத்தைப் பெருக்கும் முறை ஒன்று இருக்கிறது. 650-ஐ, 550-உம் ரேட்டிங்கும் சேர்ந்த தொகையால் வகுத்து, அந்தக் காரணியால் ஓடிய நேரத்தைப் பெருக்குவார்கள். அதில் அவர்கள் ஒரு மணி நேரம் எடுத்தால் எங்களுக்கு எட்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மணி நேரம் எடுத்தால் ஏறத்தாழ 17 நிமிடம். அந்த 550-ஐயும் காற்றுக்கேற்ப மாற்றலாம்: பலத்த காற்றுக்கு 480, மெல்லிய காற்றுக்கு 600. எங்கள் கிளப் இந்த முறைக்கு மாற வேண்டும் என்று நான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன கூட்டத்திலும் கேட்டேன். இந்த முறை பக்கத்துப் படகின் தலைவரும் கை தூக்கினார்.

செப்டம்பரில் காற்று திரும்பியது. கடைசிப் பந்தயம் 5 மைல், 12 நாட், தெளிந்த வானம். எங்களால் முடிந்ததில் சிறந்த ஓட்டம் அது. கோட்டைக் கடந்ததும் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம கையில தம்பி" என்றார். கிளப் பலகையில் முடிவு ஒட்டியபோது திருத்திய நேரத்தில் பக்கத்துப் படகு எங்களைவிட 11 வினாடி முன்னால். அண்ணன் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். மைலுக்கு 3 வினாடி, 5 மைலுக்கு 15. பழைய 186-ஆக இருந்திருந்தால் 4 வினாடியில் நாங்கள்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போய் அந்தத் தலைவரிடம் கை கொடுத்தார். அவர் அண்ணனின் கையை விடாமல், தன் படகுக்கு அடுத்த வருடம் புது மெயின்செயில் தைக்கக் கொடுத்திருப்பதாகவும், அது வந்ததும் எங்கே விரித்து அளப்பது என்றும் கேட்டார்.

"சனிக்கிழமை காலையில வாங்க, கூடம் காலியா இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அண்ணன் என் பக்கம் திரும்பித் தமிழில், "டேப்பை நான் பிடிக்கிறேன். நீ சரியா மடிக்கிறியான்னு பாரு" என்றார்.